ஒரு முழம் தள்ளி ஒரு மரணம்!

டெலிபோன் அலறியது!

அவர் எடுக்கவில்லை.

எடுக்க முடியவில்லை. வைஸின் இரும்புத் தாடையில் ஒரு வேட்டைத் துப்பாக்கி கடிபட்டு நின்றது. இரண்டு கையும் அதன் மேல். இன்னும் அரை நூல் திரும்ப வேண்டிய திருகு மரை. இப்போது கையை எடுத்தால் காலையிலிருந்து பட்ட பாடு வீண்.

அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு, ஒரு நூல். அதிலும் பாதி, அரை நூல். அவர் வாயில் நாளைக்கு நூறு தடவை வரும் அளவு அது. அரசாங்க லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் அந்த மெக்கானிக்குக் கடைசியில் பேரே 'அரைநூல்' என்று ஆகிவிட்டது.

டெலிபோன் நின்றது.

மறுபடி அலறியது!

"இருடி அம்மா... வரேன்..."

கிரீஸ் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை எடுத்தார்.

"அண்ணே...!"

தங்கை. குரல் உடைந்திருந்தது.

"என்னம்மா? ஏன் அழற?"

"அவரை... அவரைப் போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடுச்சுண்ணே! கொலைகாரன்னு சொல்றாங்க!"

"யாரு... மாப்பிள்ளையையா?"

அரைநூலுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. மாப்பிள்ளை கல் குவாரியில் வெடி வைக்கிறவர். ஊரையே அதிர வைக்கிற ஆள். ஆனால் வீட்டில் எலியைக்கூட அடிக்காமல், பேசிப் பார்த்து வெளியே அனுப்புகிற ஜாதி!

"யாரைக் கொன்னாராம்?"

"சின்ன முதலாளியை! இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு, குவாரி ஆபீஸ்ல உக்காந்திருந்தவரை ஜன்னல் வழியா யாரோ சுட்டுட்டாங்க. ஒரே குண்டு... நெஞ்சுல!"

"அதுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?"

"காலையில ரெண்டு பேருக்கும் சண்டைண்ணே. திரியோட நீளத்தைக் குறைக்கச் சொல்லியிருக்காரு அவரு. குறைச்சா ஓடி ஒளியறதுக்குள்ள வெடிச்சிடும்னு இவரு. கடைசியில கோபத்துல, 'உங்களை ஒரு நாள் மேல அனுப்பிடறேன்'னு கத்தியிருக்காரு. பத்துப் பேர் கேட்டிருக்காங்க!"

"வாய்... வாய்! பாறையை வெடிக்கிற மனுஷனுக்கு வாயை மூடத் தெரியலையே!"

"அதோட போச்சா? மூணு மணிக்கு ஆபீஸ் ரூமுக்குள்ள இவரு போனதைப் பாத்திருக்காங்க. முதலாளியம்மா ஏதோ சாமான் நகர்த்திப் போடக் கூப்பிட்டாங்களாம். அந்த ரூம்லதான் துப்பாக்கி இருந்த மேசை. அப்பவே எடுத்துட்டாருன்னு சொல்றாங்க. இப்ப அந்தத் துப்பாக்கி, கம்ப்ரெஸர் ஷெட்ல இவரோட பெட்டிக்குள்ள கிடைச்சிருக்குண்ணே!"



"எந்தத் துப்பாக்கிம்மா?"

"பெரிய முதலாளியோட ரிவால்வர்!"



அந்த ரிவால்வர்!

பத்து நாளைக்கு முன்னால் அது இதே வைஸில்தான் நின்றது!

* * *

அரை மணி நேரத்தில் பட்டறை வாசலில் ஜீப் நின்றது.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். தூங்கி இரண்டு நாள் ஆன கண். பின்னால் ஒரு கான்ஸ்டபிள், கையில் துணி மூட்டையோடு.

"நீதான் அரைநூலா?"

"ஆமா சார்."

"கொலைகாரனோட மச்சான்."

"வெடிக்காரரோட மச்சான் சார்."

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாய் இருக்கு. நல்லது. உன் மாப்பிள்ளைக்குத் துப்பாக்கி சுடச் சொல்லிக் குடுத்தது நீதானே?"

"அவருக்கா? பாறைக்குத் திரி கொளுத்திட்டு நூறடி தள்ளி ஓடி, காதைப் பொத்திக்கிட்டுக் குந்திக்கிற ஆளு சார் அவரு!"

"கை நிறைய வெடிமருந்து இருக்குய்யா!"

"வெடிக்காரன் கையில வெடிமருந்து இல்லாம..? மீன்காரன் கையில மீன் நாத்தம் அடிச்சா, கடலைத் திருடிட்டான்னு கேஸ் போடுவீங்களா சார்?"

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் திரும்பியதும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

மூட்டை மேசை மேல் பிரிந்தது.

ரிவால்வர்!

கறுப்பு உடம்பு. மரப் பிடி. ஆறு குண்டு போடும் சிலிண்டர். முன்னால் குழலாகப் பேரல், அதன் நுனியில் குறி பார்க்கச் சின்னதாய் ஒரு முள்.

"ரேகை எதுவும் இல்ல. சுத்தமா துடைச்சிருக்கு. நிபுணர் அறிக்கை வர ரெண்டு வாரம் ஆகும். எங்க மேலதிகாரி நாளைக்கே கேஸை முடிக்கச் சொல்றாரு. அதுக்குள்ள எனக்கு ஒரு சந்தேகம்..."

அவர் லென்ஸை எடுத்தார். பேரல், உடம்போடு சேரும் கழுத்துப் பகுதியில் வைத்தார்.

"இந்த இடத்துல மட்டும் புதுப் பளபளப்பு. யாரோ சமீபத்துல பேரலைக் கழட்டி மாட்டியிருக்காங்க. இந்த வட்டாரத்துல இந்த வேலை தெரிஞ்சவன் ஒருத்தன்தான் இருக்கானாம்."



அரைநூல் மனசுக்குள் கணக்குப் போட்டார்.

'நான்தான் செய்தேன்' என்று சொன்னால்... வெடிக்காரன் மாப்பிள்ளை, துப்பாக்கிக்காரன் மச்சான். குடும்பமே சேர்ந்து கொன்றது என்று எழுதிவிடுவார்கள். சொல்லாவிட்டால்... மாப்பிள்ளை கழுத்தில் கயிறு. தங்கை நடுத்தெருவில்.

கயிறு பெரிதாகத் தெரிந்தது.

"நான்தான் சார் செஞ்சேன்."

இன்ஸ்பெக்டர் கண் இடுங்கியது.

"அப்படி வா வழிக்கு! யாரு கொண்டுவந்தது? உன் மாப்பிள்ளைதானே?"

"இல்ல சார். முதலாளியம்மா."

"என்னது?"

"பெரிய முதலாளியோட சம்சாரம். 'அவருக்குப் பிறந்தநாள் வருது, அதுக்குள்ள துப்பாக்கியைச் சரி பண்ணி வெச்சு ஆச்சரியப்படுத்தப் போறேன், யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க'ன்னாங்க. மூணே நாள்ல வாங்கிட்டுப் போயி, இருந்த இடத்துலயே வெச்சிட்டாங்க. முதலாளி அப்போ வெளியூர்ல இருந்தாரு. லைசென்ஸ்ல அந்தம்மா பேரும் இருக்கு சார். பாத்துட்டுத்தான் வாங்கினேன்."

"சொல்றதுக்குச் சாட்சி?"

அரைநூல் பீரோவுக்குப் பின்னாலிருந்து இரண்டு அட்டைகளை உருவினார். கதவு அகலத்துக்குப் பெரிய அட்டைகள். நடுவில் கறுப்பு வட்டம். ஒன்றின் மேல் 'வந்தபடி' என்று எழுதியிருந்தது. மற்றதில் 'போனபடி'. கோணல்மாணலான கையெழுத்து. ஆனால் பிழையில்லை.

"இது என் பழக்கம் சார். எந்தத் துப்பாக்கி வந்தாலும் கை வைக்கறதுக்கு முன்னாடி ஆறு குண்டு சுட்டுப் பாப்பேன். ரிப்பேர் முடிஞ்சதும் ஆறு. கொண்டுவந்தவங்க ரெண்டுலயும் கையெழுத்துப் போடணும். நாளைக்கு 'நீதான் கெடுத்தே'ன்னு சொல்லக்கூடாது பாருங்க."

இரண்டு அட்டையிலும் முதலாளியம்மாவின் கையெழுத்து. தேதி.

இன்ஸ்பெக்டர் 'வந்தபடி' அட்டையைப் பார்த்தார். வட்டத்துக்குள் ஒரு ஓட்டைகூட இல்லை. ஆறும் இடது பக்கம் வெகு தூரம் தள்ளி, ஈ மொய்த்த மாதிரி ஒரே இடத்தில்.

"என்னய்யா இது? குருடன் சுட்டானா?"

"நான் சுட்டது சார். நேரா வட்டத்தைப் பாத்துத்தான் சுட்டேன். பேரல் கோணல்! எந்தக் காலத்திலோ எவனோ மாட்டும்போது, பேரல் உக்கார்ற முகத்துல ஒரு இரும்புப் பிசிறு மாட்டிக்கிச்சு. அதைப் பாக்காம திருகியிருக்கான். கடைசி அரை நூல் திரும்பாம பேரல் கோணிக்கிட்டு நின்னுடுச்சு. நுனியில இருக்கற முள்ளும் வலது பக்கம் சாஞ்சு போச்சு. இருபது தப்படியில குண்டு ஒரு முழம் இடது பக்கம் தள்ளிப் போகும்!"

"இத்தனை வருஷமா இப்படியேவா?"

"இருபது வருஷமா சார். ஆனா பெரிய முதலாளிக்கு அது பழகிப் போச்சு. ஒரு முழம் வலது பக்கம் தள்ளிப் பிடிப்பாரு. குண்டு கோணிக்கிட்டு வந்து சரியா நடுவுல விழும்! 'என் துப்பாக்கி என் பேச்சை மட்டும்தான் கேக்கும்'னு பாட்டிலை வெச்சு சுட்டுக் காட்டுவாரு. குவாரி முழுக்க இது தெரிஞ்ச கதை."

இன்ஸ்பெக்டர் 'போனபடி' அட்டையை எடுத்தார்.

ஆறு ஓட்டை. எல்லாம் வட்டத்துக்குள்.

"பிசிறை அரத்தால தேச்சு எடுத்தேன். பாக்கி இருந்த அரை நூலைத் திருப்பினேன். ஒரு மயிரிழை... சுட்டுப் பாக்கறது... இன்னொரு மயிரிழை... இப்படி ரெண்டு நாள். இப்ப எங்க பாக்கறீங்களோ அங்க போகும்."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார்.

முகம் மாறியது.

"என்னய்யா?"

"சார்... சின்ன முதலாளி எங்க உக்காந்திருந்தாரு?"

"ஆபீஸ் ஜன்னலை ஒட்டி. ரெண்டு நாற்காலி. ஒண்ணுல அவன். இன்னொண்ணுல அவனோட அண்ணி, முதலாளியம்மா. நிலப் பத்திரத்தை ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துட்டு இருந்தாங்க. குவாரி நிலம் அந்தம்மா பேர்ல இருக்காம்."

"குண்டு எங்கிருந்து வந்துச்சு?"

"எதிர்ல கம்ப்ரெஸர் ஷெட். மிஷின் சத்தத்துல யாருக்கும் எதுவும் கேக்கல."

"ஷெட்டுக்கும் ஜன்னலுக்கும் எவ்வளவு தூரம் சார்?"

கான்ஸ்டபிள் நோட்டைப் புரட்டினார்.

"இருபது தப்படி."



"ஷெட்லேருந்து பாத்தா... அந்தம்மாவுக்கு எந்தப் பக்கம் சின்ன முதலாளி?"

"வலது பக்கம்."

"ரெண்டு பேருக்கும் நடுவுல?"

"ஒட்டிப் போட்ட நாற்காலி. தலைக்குத் தலை... ஒரு முழம் இருக்கும்."

சொன்ன பிறகுதான் இன்ஸ்பெக்டருக்கே உறைத்தது.

ஒரு முழம்!

"சார்..." அரைநூல் கிசுகிசுத்தார். "நீங்க செத்தவனோட எதிரியைத் தேடிட்டு இருக்கீங்க. சாகடிக்க நினைச்சது அவனை இல்ல! பழைய கோணல் துப்பாக்கின்னு நினைச்சு, ஒரு முழம் வலது பக்கம் தள்ளிப் பிடிச்சிருக்கான். குண்டு கோணிக்கிட்டு அந்தம்மா மேல பாயும்னு கணக்குப் போட்டிருக்கான். ஆனா பேரல் நேராயிடுச்சு! குண்டு பிடிச்ச இடத்துக்கே போயிடுச்சு!"

அரைநூல் ரிவால்வரை இன்ஸ்பெக்டர் பக்கம் நகர்த்தினார்.

"அப்படிப் பிடிக்கிற கை, இந்த ஊர்லயே ஒண்ணுதான் சார்."

இன்ஸ்பெக்டர் சிகரெட் எடுத்தார். பற்ற வைக்காமல் திருப்பி உள்ளே வைத்தார்.

"பெரிய முதலாளி... நிலத்தை விக்க அந்தம்மா கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்கன்னு குவாரியில பேச்சு இருக்கு. ஆனா அரைநூல், கோர்ட்ல இது சிரிப்பாயிடும். 'வெடிக்காரன் சின்ன முதலாளியை நேராப் பாத்துச் சுட்டான், நேரான துப்பாக்கியில நேராப் பட்டுச்சு'ன்னு ஒரே வார்த்தையில வக்கீல் தூக்கிப் போட்டுடுவான். நீ மாப்பிள்ளையைக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னும் சொல்லுவான். நானே பாதி அப்படித்தான் நினைக்கறேன்!"

"மீதிப் பாதி?"

"அந்தப் பாதிக்கு ஆதாரம் வேணும்."

அரைநூல் ரிவால்வரைப் பார்த்தார்.

"அவர் கையிலயே இதைக் குடுத்துச் சுடச் சொல்லுங்க சார். இருபது வருஷப் பழக்கம். கை தானா வலது பக்கம் போகும். ஓட்டை ஒரு முழம் தள்ளி விழும். அப்ப துப்பாக்கி சரியானது இவருக்குத் தெரியலைங்கறது உறுதியாயிடும்!"

* * *

மறுநாள் காலை. பத்து மணி.

பட்டறைக்குப் பின்னால் நீண்ட சந்து. கடைசியில் மணல் நிரப்பிய பீப்பாய்கள். முன்னால் புது அட்டை. கறுப்பு வட்டம்.

இருபது தப்படி.

பெரிய முதலாளி வந்தார். சிவந்த கண். கசங்காத சட்டை. கூடவே முதலாளியம்மா, முகத்தில் எதுவும் இல்லாமல்.

"என்ன இன்ஸ்பெக்டர்? தம்பியைப் பறிகொடுத்தவனை இங்க கூப்பிட்டுக் கஷ்டப்படுத்தறீங்க. வெடிக்காரன்தான் பிடிபட்டுட்டானே?"

"மன்னிக்கணும் சார். ஒப்பிட்டுப் பாக்க இதுலேருந்து சுட்ட குண்டு ஒண்ணு வேணும். எங்க ஆளுங்க சுட்டா சுவர்லதான் படுது. இது உங்க பேச்சை மட்டும்தான் கேக்குமாமே?"

முதலாளியின் உதட்டோரம் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. துக்க வீட்டிலும் சிலருக்கு அது சாகாது.

"இருபது வருஷம்! இது ஒரு முழம் இடது பக்கம் ஓடற கழுதை. அதுக்குத் தக்க வலது பக்கம் தள்ளிப் பிடிக்கணும். மத்தவனுக்கு வராது."

"ஒரே குண்டுதான் போட்டிருக்கு முதலாளி. பாத்து..." அரைநூல் ரிவால்வரை நீட்டினார்.

வலது பக்கம் பிடி... வலது பக்கம் பிடி... என்று மனசு அடித்துக்கொண்டது.

முதலாளி கையை நீட்டினார். ஒரு கண்ணை மூடினார்.

டுமீல்!

எல்லோரும் அட்டையை நோக்கி ஓடினார்கள்.

அரைநூல் நின்றுவிட்டார்.

ஓட்டை... வட்டத்தின் நட்டநடுவில்!

இன்ஸ்பெக்டர் திரும்பி அரைநூலைப் பார்த்த பார்வையில் ஒரு ஆளை உயிரோடு வறுக்கலாம். 'ஒரு முழம் தள்ளி விழும்னு சொன்னியே!' என்றது அந்தப் பார்வை.

போச்சு. எல்லாம் போச்சு. மாப்பிள்ளை கழுத்துக் கயிறு இறுகியது...

"பாத்தீங்களா?" முதலாளி மீசையைத் தடவினார். "தம்பி செத்த துக்கத்துல கை நடுங்கும்னு நினைச்சேன். நடுங்கல."

"பிரமாதம் சார்..." இன்ஸ்பெக்டர் சுரத்தில்லாமல் சொன்னார்.

அரைநூல் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை விட்டுப் பார்த்தார். அது நிஜமான ஓட்டைதான்.

நட்டநடு.

நேரான துப்பாக்கி.

நட்டநடு!

அவர் மெதுவாக நிமிர்ந்தார்.

"முதலாளி... நீங்க இப்ப எங்க குறி பாத்தீங்க?"

"என்னய்யா கேள்வி? எப்பவும் போல ஒரு முழம் வலது பக்கம்."

"நிச்சயமா?"

"கண்ணைக் கட்டிவிட்டாலும் அங்கதான் பிடிப்பேன்!"

"அப்ப குண்டு ஒரு முழம் வலது பக்கம் விழுந்திருக்கணுமே முதலாளி!"

"என்ன உளர்றே?"

அரைநூல் கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு அட்டைகளையும் எடுத்து வெயிலில் நிறுத்தினார்.

"இது வந்தபடி. இது போனபடி. பத்து நாள் முன்னாடி நானே இந்தப் பேரலை நிமிர்த்திட்டேன். இப்ப இது கழுதை இல்ல முதலாளி... குதிரை! வலது பக்கம் பிடிச்சிருந்தா வலது பக்கம்தான் விழும். நடுவுல விழுந்திருக்குன்னா நடுவுலதான் பிடிச்சீங்க!"

முதலாளியின் கை மீசையிலேயே நின்றது.

இன்ஸ்பெக்டருக்கு இப்போதுதான் வெளிச்சம் வந்தது. ஒரு அடி முன்னால் வைத்தார்.

"துப்பாக்கி நேரானது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் பழைய மாதிரியே பிடிச்சேன்னு பொய் சொல்றீங்க. ரிப்பேர் பண்ணினதை உங்களுக்கு யாரும் சொல்லல. அப்ப எப்படித் தெரிஞ்சுது? ஒரே வழிதான் இருக்கு. ரிப்பேருக்கு அப்புறம் நீங்க ஒரு தடவை சுட்டிருக்கீங்க. குண்டு நேரா போனதைக் கண்ணால பாத்திருக்கீங்க! எங்க சுட்டீங்க சார்? எப்ப சுட்டீங்க?"

முதலாளி மனைவியைக் கைகாட்டினார்.

"எனக்கு... எனக்கு இவ சொன்னா! ரிப்பேர் பண்ணினதை இவதான் சொன்னா! கேளுங்க!"

எல்லாத் தலையும் முதலாளியம்மா பக்கம் திரும்பியது.

அந்த அம்மாவின் ஒரு வார்த்தை. அதில்தான் ஒரு கழுத்து தப்பும், ஒரு கழுத்து மாட்டும்.



முதலாளியம்மா புருஷனைப் பார்த்தாள். நிதானமாக. உப்பு சரியாக இருக்கிறதா என்று குழம்பைப் பார்க்கிற மாதிரி.

"இல்லையே... நான் சொல்லவே இல்லையே. பிறந்தநாளுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னுதானே வெச்சிருந்தேன்?"

"அடிப்பாவி!"

முதலாளி ரிவால்வரை அவள் நெற்றிக்கு நேராகத் திருப்பினார்! வலது பக்கமும் இல்லை... இடது பக்கமும் இல்லை... நேராக!

க்ளிக்!

க்ளிக்! க்ளிக்!

"ஒரே குண்டுன்னு சொன்னேனே முதலாளி..." என்றார் அரைநூல்.

கான்ஸ்டபிள் பாய்ந்தார். கையில் விலங்கு விழுந்தது. முதலாளி மண்ணில் உட்கார்ந்து கதறினார்.

"என் தம்பியை நானே... ஐயோ! அவன்தானே ஜன்னலைத் திறந்து வெச்சான்... 'நீ சுடுண்ணா, உன் குறி தப்பாது, குண்டு இடது பக்கம்தானே போகும், வலது பக்கம் நான் தைரியமா உக்காந்திருப்பேன்'னு அவன்தானே சொன்னான்...!"

முதலாளியம்மா தலைப்பைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

அழவில்லை.

* * *

சாயங்காலம் தங்கை வீடு.

வெடிக்காரர் தட்டின் முன்னால் உட்கார்ந்து, ஒரு வாரப் பட்டினி கிடந்தவர் மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தங்கை அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே சோறு போட்டாள்.

"மெதுவா முழுங்குங்க மாப்ள. ஜெயில்லேருந்து தப்பிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிடப் போறீங்க."

"மச்சான்... உங்க அரை நூல்தான் என் உயிரைக் காப்பாத்துச்சு."

"உங்க வாய்தான் மாட்டிவிட்டுச்சு மாப்ள. இனிமே யாரையும் மேல அனுப்பறேன்னு சொல்லாதீங்க. பாறையைத் தவிர."

வெடிக்காரர் விரலை நக்கினார்.

"பாவம் அந்தம்மா. மயிரிழையில பொழைச்சாங்க. அந்த நாற்காலி மட்டும் பழைய இடத்துலயே இருந்திருந்தா சின்ன முதலாளியும் பொழைச்சிருப்பாரு..."

"எந்த நாற்காலி?"

"அதான்... அன்னிக்கு மூணு மணிக்கு என்னைக் கூப்பிட்டாங்களே. சின்ன முதலாளி நாற்காலி எப்பவும் மேசைக்கு அந்தப் பக்கம் கிடக்கும். அதைத் தூக்கித் தன் நாற்காலிக்குப் பக்கத்துல போடச் சொன்னாங்க. நான் குத்துமதிப்பாப் போட்டேன். ஒத்துக்கலையே! 'இன்னும் கொஞ்சம் தள்ளு... இல்ல, கிட்ட வா'ன்னு கையை நீட்டி, முழம் போட்டு அளந்தாங்க மச்சான்! வெளிச்சம் கண்ணுல குத்துதாம்!"

அரைநூலின் கையிலிருந்த தம்ளர் பாதி வழியில் நின்றது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பட்டறையில் அவர் எப்போதும் பத்துத் தப்படியில்தான் சுட்டுப் பார்ப்பார். அன்றைக்கு அந்த அம்மாதான், "பத்து வேண்டாம்... இருபதுக்குச் சரியா இருக்கான்னு பாருங்க" என்றாள்.

பிறந்தநாள் ஆச்சரியம்!

அண்ணனும் தம்பியும் பேசியது அவள் காதில் என்றைக்கோ விழுந்திருக்கிறது. எந்த ஷெட், எத்தனை தப்படி, எந்தப் பக்கம்... எல்லாம்.

"மாப்ள... இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"சாமான் நகர்த்தினேன்னு சொன்னேன். நாற்காலியைத் தள்ளிப் போடறது குத்தமா மச்சான்?"

"குத்தமில்ல. துப்பாக்கியை ரிப்பேர் பண்றதும் குத்தமில்ல." அரைநூல் தம்ளரைக் கீழே வைத்தார். "அந்தம்மா ஒரு குண்டுகூடச் சுடல. சுட்டது முதலாளி."

"அதானே!"

"ஆனா குறி பாத்தது அவங்க!"

வெடிக்காரருக்குச் சோறு தொண்டையில் நின்றது. தங்கை தலையில் தட்டினாள்.

"மச்சான்... வர்ற வழியில அந்தம்மா என்னைப் பாத்து, 'வெடி வேலை போதும், நாளையிலேருந்து ஆபீஸ்லயே இரு, கௌரவமான வேலை தரேன்'னாங்களே... போகட்டுமா, வேண்டாமா?"

அரைநூல் எழுந்தார். கிரீஸ் படிந்த செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"தாராளமா போங்க மாப்ள. ஆனா உக்காருன்னு நாற்காலி போட்டா மட்டும்... நின்னுக்கிட்டே இருங்க!"